வண்டியைச் சூடாக்கி வைத்து விற்ற சாமிக்கு

சாமி,

மாலை போட்ட பிள்ளையைப் பெற்றவளே ஆனாலும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, ஏலே என்று அதட்டக் கூடாது, திட்டவே கூடாது என்று கார்த்திகை முதல் தேதியே எனக்குச் சட்டம் போட்டுவிட்டாய். சரி என்று நானும் இத்தனை நாளாக ‘சாமி குளிச்சாச்சா’, ‘சாமி சாப்பிட வாங்க’ என்று வாயைக் கட்டிக்கொண்டு நடமாடுகிறேன். ஆனால் இன்று காலையில் எனக்கு வந்திருக்கிற கோபத்தோடு வாயைத் திறந்தால் அதிலிருந்து என்ன வருமென்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். எழுதக் கூடாது என்று உன் குருசாமி எதுவும் சொன்னதாக நினைவில்லை. அதனால் எழுதுகிறேன். அரையாண்டு லீவு, சத்துணவுக் கூடம் பூட்டிக் கிடக்கிறது, எனக்கு வேலையும் இல்லை. சாயங்காலம் நீ மலையிலிருந்து இறங்கி, குளித்து, விளக்கேற்றி, சரணம் சொல்லி முடித்ததும் இதைப் படி. இதன் மேல்தான் உன் தட்டை வைக்கப் போகிறேன். படித்து முடிக்காமல் சோறு கிடையாது.

உன் ஜீப்பைப் பற்றித்தான். விடிவதற்கு முன்னால் நம் தெருப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலை ஏறி, கேரளத்து ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, வேலை முடிந்ததும் திரும்பக் கூட்டிவருகிற அந்த ஜீப். நீ அதை வாங்கிய நாளிலிருந்து அது என் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறது. அது எப்படி இருமும், எப்படித் தும்மும் என்று உன்னைவிட எனக்குத்தான் தெரியும். ஏனென்றால் நீ அதைக் கேட்பதே இல்லை. ஏறி உட்கார்ந்ததும் முதலில் சாமி பாட்டு, அதுவும் தெருவே எழுந்திருக்கிற மாதிரி. அதற்குப் பிறகுதான் சாவியைத் திருப்புவாய். பாட்டுப் போடாமல் வண்டியைக் கிளப்பினால் விளங்காது என்று உனக்கு யார் சொன்னார்களோ. மாலை போட்ட பிறகு பாட்டின் சத்தம் இன்னும் கூடிவிட்டது. மேல்வீட்டுக்காரர் என்னிடம் வந்து, ‘பக்தியெல்லாம் சரித்தா, கொஞ்சம் மெல்லமா வைக்கச் சொல்லுங்க’ என்று கெஞ்சிவிட்டுப் போனார். சாமியிடம் நான் எப்படிச் சொல்வது?

அந்தப் பாட்டுக்கு அடியில் உன் என்ஜின் என்ன சொல்கிறது என்று கேள். டீசல் வண்டி குளிர்ந்து கிடந்து கிளம்பும்போது தடதடவென்று இருக்கும், அது எல்லா ஜீப்பிலும் உண்டு, அதைக் கேட்டு நான் பயப்படவில்லை. அந்தத் தடதடப்புக்குள்ளே இன்னொரு சத்தம் இருக்கிறது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரி கடகடகடவென்று வரும். கொஞ்ச நேரம்தான். ஆயில் மேலே ஏறியதும் அடங்கிவிடும், அதற்குப் பிறகு வண்டி நாள் முழுக்க நல்ல பிள்ளையாக ஓடும். ஐப்பசியில் நான் அதை முதலில் கேட்டபோது லேசாகத்தான் இருந்தது. மார்கழிப் பனி இறங்க இறங்க அது அடங்குவதற்கு நேரமாகிறது. நேற்றைக்கு முந்தின நாள் நீ பல் விளக்கி முடிக்கிற வரைக்கும் அது அடங்கவில்லை. நீயோ அது அடங்கட்டும் என்று ஆக்சிலேட்டரை வேறு ஓங்கி மிதிக்கிறாய். வலிக்கிறது என்று அழுகிற பிள்ளையை அடித்து வாயை மூட வைப்பதற்குப் பேர் வைத்தியமா?

முதலில் நானும் தப்பாகத்தான் நினைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பின் சீட்டுக்கு அடியில் ஜாக்கி லிவர் கிடக்கிறதே, அதுதான் இரும்போடு இரும்பு மோதிச் சத்தம் போடுகிறது என்று முடிவுகட்டி, என் பழைய சேலையைக் கிழித்து அதைச் சுற்றி இறுக்கிக் கட்டி வைத்தேன். மறுநாள் காலையில் சுவரோடு காதை ஒட்டிக்கொண்டு படுத்திருந்தால் அதே கடகட. நீ சிரித்தாய். ‘அம்மா, என்ஜினுக்கு உள்ள வர்ற சத்தத்துக்கு ஜாக்கிக்கு சேலை கட்டிவிட்டா எப்படிம்மா?’ என்றாய். பார், உள்ளே இருந்து வருகிறது என்று அன்றைக்கே உனக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அதற்கு அடுத்த வாரம் நான் கேட்டபோது சைலன்சர் தகடு லூஸ் என்றாய். அதற்கடுத்து டேப்பட் சத்தம் என்றாய். அப்புறம் ‘டீசல்னா அப்படித்தாம்மா’ என்றாய். ஒரே சத்தத்துக்கு நாலு பேர் வைத்தாய். பெற்ற பிள்ளை உனக்கே நாங்கள் ஒரே பேர்தான் வைத்தோம்.

மெக்கானிக் ஜமால் பாயிடம் கொண்டு போ என்று நான் நச்சரித்ததால் கொண்டுபோனாய். எப்போது? மலைக்குப் போய்விட்டு வந்து, சாயங்காலம், கொதிக்கக் கொதிக்க. ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் காய்ச்சல் விட்டுப்போகிற பிள்ளை மாதிரி அங்கே போனதும் அது ஒரு சத்தமும் போடவில்லை. பாயும் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, ‘சூட்டுல ஒண்ணும் தெரியாதுப்பா, ராத்திரி இங்கன போட்டுட்டுப் போ, காலையில குளுந்த என்ஜினை நானே ஸ்டார்ட் பண்ணிக் கேக்கணும்’ என்று சொன்னாராம். அதற்கு நீ மாட்டேன் என்றாய். காலை ட்ரிப் போய்விடுமாம், ஒரு நாள் விட்டால் அந்தப் பெண்கள் வேறு ஜீப்புக்கு மாறிவிடுவார்களாம். நானும் நம்பினேன். ஒரு நாள் கூலி போனால் அவர்களுக்கும் கஷ்டம்தானே என்று வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம் கேரளாவில் ஹர்த்தால் வந்தது. மெட்டுக்கு மேலே ஒரு வண்டி ஓடவில்லை, தோட்டத்தில் வேலை இல்லை, பெண்கள் எல்லாரும் வீட்டில். வேறு சாக்குக் கிடைக்காமல் அன்றைக்கு ராத்திரி ஜீப்பைப் பாயின் பட்டறையில் விட்டுவிட்டு வந்தாய். மறுநாள் வந்து என்னிடம் என்ன சொன்னாய்? சரியாக நினைவிருக்கிறது எனக்கு. செருப்புக்கூடப் போடாத காலைக் கழுவிக்கொண்டே, ‘பாய் நல்லாக் கேட்டுப் பாத்துட்டாக. ஒண்ணுமில்லேன்டு சொல்லிட்டாக’ என்றாய். நான் போய் ஐயப்பன் படத்துக்கு ஒரு சூடம் ஏற்றினேன். அந்தச் சூடத்தை நினைத்தால் இப்போது எனக்கு வயிறு எரிகிறது.

நேற்றைக் கதைக்கு வருகிறேன். தை பிறந்தால் உனக்குக் கல்யாணம். தேவதானப்பட்டிக்காரர்கள் மாப்பிள்ளை ஜீப் ஓட்டுகிறார் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்படுகிறார்கள், கார் வாங்கித் தேனியில் ஓட்டட்டும் என்கிறார்கள். ஓட்டு. எனக்கும் சந்தோஷம்தான், மலையை விட்டு நீ இறங்கினால் சரி. ஜீப்பை விற்கப் போவதாகச் சொன்னாய், அதுவும் நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமை, ட்ரிப் இல்லாத நாளில் நீ இருட்டோடு எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனபோது நான் கோயிலுக்குத்தான் போகிறாய் என்று நினைத்தேன். சுருளிப்பட்டி வரைக்கும் போய்ச் சுற்றிவிட்டு வந்து நிறுத்தினாய். அரைமணி நேரத்தில் ராயப்பன்பட்டியிலிருந்து சேவியர் வந்தான்.

அந்தப் பையனை உனக்கு எத்தனை நாள் பழக்கம்? எனக்கு நேற்று ஒரு நாள்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கிடந்துவிட்டு, கைக்குழந்தையோடு இருக்கிற பெண்டாட்டியைத் தனியாக விட முடியாமல் ஊரோடு வந்துவிட்டேன் என்று அவனாகவே சொன்னான். சர்ச்சுக்குப் போய்விட்டு நேரே வந்திருந்தான் போல, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. நீ சாவியைக் கொடுத்து ‘நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க’ என்று எவ்வளவு பெருந்தன்மையாகச் சொன்னாய்! ஒரு திருப்புத் திருப்பினான், வண்டி பூனை மாதிரி உறுமியது. நேற்றைக்குப் பாட்டுக்கூட நீ போடவில்லை, அதுதான் வேடிக்கை. அவன் பானெட்டின் மேல் கையை வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்தான். சுட்டிருக்கிறது. அவன் உன்னைப் பார்த்தான், நீ உடனே, ‘காலையில கோயிலுக்குப் போயிட்டு வந்தேன்’ என்றாய். ‘ட்ரிப்பையும் சேத்துத்தான் தர்றேன், அதே பொம்பளையாளுகதான், ஒருத்தரும் மாற மாட்டாக’ என்றும் சொன்னாய். அந்தப் பெண்களையும் டயர், ஸ்டெப்னியோடு சேர்த்து விற்றாய்.

அவன் கடைசியில் என் பக்கம் திரும்பி, ‘அம்மா, நீங்க சொல்லுங்க, வண்டி எப்படி?’ என்று கேட்டான். காலையில் அந்தச் சத்தம் வருமே தம்பி என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதையும் நான் மறக்க மாட்டேன். பாயே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாரே, நாம் ஏன் கெடுப்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ‘டீ ஆறுது, குடிங்க தம்பி’ என்றேன். அவன் சிரித்துக்கொண்டே உன் மாலையைக் காட்டி, ‘சாமி சொன்னா சரித்தான். மாலை போட்டவக பொய் சொல்லுவாகளா?’ என்று சொல்லிவிட்டு அட்வான்ஸை எடுத்து உன் கையில் கொடுத்தான். அவன் உன் மதத்துக்காரன்கூட இல்லை. உன் கழுத்தில் கிடக்கிற துளசி மணியை உன்னைவிட அவன்தான் மதித்தான்.

இன்றைக்குக் காலையில் நீ ட்ரிப் கிளம்பிப் போன பிறகு, மாட்டுக் கொட்டகைத் தூணில் கரையான் ஏறுகிறதே, லீவில் அதையாவது பார்ப்போம் என்று போன வாரம் நீ வடித்து வைத்த பழைய ஆயில் கேனை எடுத்தேன். எல்லா வீட்டிலும் கரையானுக்கு அதைத்தானே பூசுகிறோம். தேங்காய் மட்டையில் தொட்டு ஒரு தூணுக்குப் பூசிவிட்டு நிமிர்ந்தேன். வெயில் அப்போதுதான் கொட்டகைக்குள் விழுந்தது. கன்னங்கரேலென்று இருக்க வேண்டிய தூண் மினுமினுவென்று மின்னுகிறது. சேலை ஜரிகையை நுணுக்கித் தூவின மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பொடி. விரலில் தொட்டுத் தேய்த்தேன், நறநறக்கவில்லை, மண் இல்லை. இரும்புச் சாமானைக் கட்டிக்கொண்டு அழுகிறவனைப் பெற்றவள் நான், எனக்கு அதற்குமேல் தெரிய வேண்டியதில்லை. கையைக்கூடக் கழுவாமல் ஜமால் பாய்க்குப் போன் போட்டேன்.

ஜீப்பில் அன்றைக்கு என்னதான் கேட்டீர்கள் என்றேன். அவர், ‘தங்கச்சி, உம்மகன் உங்கிட்ட சொல்லலையா?’ என்று கேட்டார். நான் இல்லை என்றதும் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ எதையும் மாற்றிச் சொல்லிவிடக் கூடாதல்லவா. ‘அன்னைக்குக் காலையில பச்சத் தண்ணி மாதிரி குளுந்து கிடந்த என்ஜினை ஸ்டார்ட் பண்ணுனேன். பெரிய ஸ்குரூ டிரைவரை என்ஜின்ல வச்சு மறுமுனையில காதை வச்சேன். கீழ இருந்து வருது சத்தம். ஒவ்வொரு சிலிண்டரா டீசல் பைப்பை லூஸ் பண்ணிப் பாத்தேன், மூணாவதை லூஸ் பண்ணவும் சத்தம் கொறஞ்சுச்சு. கிராங்க்ல உக்காந்திருக்க பேரிங் தேஞ்சு போச்சு தங்கச்சி. கீழ கழட்டி மாத்தணும், அதுவரைக்கும் மலை ஏத்தாதேன்டு தம்பிகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கல்யாணம் முடியட்டும் பாய்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாப்ள.’ தூணில் மின்னுகிற பொடியைப் பற்றிச் சொன்னேன். ‘அது பேரிங்குதான் பொடியா வருது’ என்றார். ‘போன வாரம் வந்து கட்டியான ஆயில் எதுன்டு கேட்டு வாங்கிட்டுப் போனாப்ள. அது சத்தத்தைத்தான் அமுக்கும், தேயுறதை நிறுத்தாது.’

மலையில் வைத்து அது போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். ‘லோடோட ஏத்தத்துல ஜாம் ஆச்சுன்டா என்ஜின் அப்படியே நின்டு போகும். என்ஜின் நின்டா பிரேக்குக்கு பூஸ்டர் இல்ல, ஒரு மிதி ரெண்டு மிதிக்கு அப்புறம் கல்லை மிதிக்கிற மாதிரி இருக்கும். வண்டி பின்னால உருளும்’ என்றார். உன் ஜீப்பின் ஹேண்ட் பிரேக் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். நிறுத்தும் போதெல்லாம் டயருக்குக் கல் வைக்கிறவன் நீ. கொண்டை ஊசி வளைவில் உருளுகிற வண்டிக்கு யார் இறங்கிக் கல் வைப்பது? பின்சீட்டில் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கி வழிகிற உன் சித்தி பேச்சியம்மாவா?

உனக்குப் போன் போட்டேன். எடுத்தாய். பாயிடம் பேசிவிட்டேன் என்றதும் உன் குரல் மாறியது. ‘நான் பொய் சொல்லலம்மா, அவன் கேக்கல, நான் சொல்லல, அவ்வளவுதான்’ என்றாய். அவன் கேட்டான், என்னிடம் கேட்டான், நீ பக்கத்தில் நின்றாய். ‘எல்லாரும் வண்டி விக்கிறப்ப சூடு பண்ணி வச்சுத்தாம்மா விக்கிறாக’ என்றாய். எல்லாரும் என்றால் யார், அவர்கள் பெயரைச் சொல், அவர்கள் வீட்டுக்கும் நான் போகிறேன். அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ‘இத்தனை நாள் ஓடலையா? ஐயப்பன் பாத்துக்குவான்’ என்றாய், சாமி சரணம் என்றாய், டவர் இல்லை என்று வைத்துவிட்டாய். பாய் வாயால் சொன்ன பிறகும், விரதம் இருந்துகொண்டு, வெறுங்காலால் அந்த ஆக்சிலேட்டரை மிதித்து இத்தனை நாளாய் அந்தப் பெண்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாய். நீ செய்ய வேண்டிய வேலையை அவன் தலையில் கட்டுவதற்கா நாற்பத்தொரு நாள் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறாய்? அந்தக் குளிப்பைக் குறைத்துக்கொண்டு ஒரு நாள் பட்டறையில் போய் உட்கார்ந்திருக்கலாம்.

உன் அப்பாவுக்கும் போன் போட்டேன். மேலே தோட்டத்தில் காவல் இருக்கிற மனுஷன், மாதத்துக்கு ஒரு தரம் இறங்குகிறவர், வழக்கம்போல ‘ரெண்டு பேரும் சண்டை போடாம இருங்க’ என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். ‘சாவிய அவங்கிட்ட இருந்து வாங்கிரு’ என்று மட்டும் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நானும் அவரும் முதல் பேச்சிலேயே ஒத்துப்போனது இதில்தான்.

எனக்குப் பயமாக இருக்கிறது. கோபம் கோபம் என்று இவ்வளவு எழுதினேன், அதில் பாதி பயம்தான். இதை எழுதும்போதும் நீ மலையில்தான் இருக்கிறாய். தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்காருகிறேன். உன்மேல் எனக்குப் பாசம் இல்லாமல் இல்லை, அதிகமாக இருப்பதால்தான் நேற்று வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பாசத்துக்காக இன்னொருத்தி பிள்ளையைப் பள்ளத்தில் உருட்ட என்னால் முடியாது. சேவியருக்கும் ஒரு ஆத்தா இருப்பாள். அவளும் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு மகன் வண்டியைக் கிளப்புவதைக் கேட்பாள். இது எல்லா ஜீப்பிலும் வருகிற சத்தம்தான் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் படுப்பாள்.

அதனால் நான் செய்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். பேச்சியம்மாவுக்குப் போன் போட்டுச் சாயங்காலம் எல்லாரையும் பஸ்ஸில் இறங்கி வரச் சொல்லிவிட்டேன். ‘ஏன்க்கா, என்னாச்சு?’ என்று பதறினாள். உன் பேரைக் கெடுக்காமல் வண்டி ரிப்பேர் என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை நீயே அவள் முகத்தைப் பார்த்துச் சொல். நாளைக்கு அவர்களுக்கு மேலத்தெரு ஜீப்பில் இடம் கேட்டாயிற்று, ட்ரிப் போனால் போகட்டும். நீயும் ஜீப்பை அங்கனயே தோட்டத்தில் போட்டுவிட்டு அவர்களோடு பஸ்ஸில் வா என்று அவளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். நீ கேட்க மாட்டாய், வண்டியோடுதான் இறங்கி வருவாய். அப்படி வந்தால் பின்னால் ஆள் இல்லாமல், மெதுவாக, கியரில் பிடித்து இறக்கச் சொல் என்றும் அவளிடமே சொல்லியிருக்கிறேன். இதைப் படித்ததும் சாவி என் கைக்கு வர வேண்டும்.

சேவியருக்கும் போன் போட்டுவிட்டேன். நாளைக்கு விடிவதற்கு முன்னால் வா தம்பி, நேற்று நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை, வண்டியே சொல்லும் என்றேன். அவனுக்குப் புரிந்துவிட்டது போல, கோபப்படவில்லை, ‘சரிம்மா, வர்றேன்’ என்றான். அந்தச் ‘சரிம்மா’வைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஜமால் பாயும் தொழுகையை முடித்துக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறார். ராத்திரி முழுக்க அந்த வண்டி பனியில் கிடக்கட்டும், நீ அதன் பக்கமே போகாதே. அவன் காதால் அதைக் கேட்ட பிறகும், பேரிங் மாற்றிக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னால், மாற்றிக் கொடு. வேண்டாம் என்றால் அட்வான்ஸை அங்கேயே அவன் கையில் திருப்பிக் கொடு. கார் இப்போது இல்லையென்றால் ஆவணியில் வரும். தேவதானப்பட்டிக்காரர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உனக்கு அவமானமாக இருக்கும். இருக்கட்டும். தையில் நம் வீட்டு வாசலில் பந்தல் போட்டுப் பந்தி விரிக்கும்போது, உன் ஜீப்பில் போகிற அத்தனை பெண்களும் வந்து உட்காருவார்கள். சேவியரையும் அவன் பெண்டாட்டி, பிள்ளையோடு வரச் சொல்லப் போகிறேன். அவர்கள் இலையில் சோறு போடப் போகிறவள் நான். குனிந்து போடும்போது ஒவ்வொரு முகத்தையும் நான் நிமிர்ந்து பார்க்க வேண்டும், அதில் ஒரு முகமும் குறையக் கூடாது.

உன் அம்மா